இல்லாத சாம்பல் நிறம்

உங்கள் வீட்டில் பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கலாம். சுவரில் மாட்டி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். வெளிச்சமும் ஈரமும் பட்டு வெளிறிப் போயிருக்கும். வீட்டில் அவருடைய படம் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். பெரியப்பா வீட்டிற்கு ஒரு பிரதி வேண்டும். அத்தை வீட்டிற்கு ஒன்று வேண்டும். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேனரில் வைத்துக் கணினிக்குள் கொண்டுவருகிறீர்கள். வெளிறிய படத்தைத் திரையிலேயே பளிச்சென்று ஆக்குகிறீர்கள். பின்பு அச்சிடுகிறீர்கள்.

தாளைக் கையில் எடுத்தால் ஏமாற்றம்! கன்னத்தில் நிலப்படத்தின் உயரக் கோடுகளைப் போல வரிவரியாகப் பட்டைகள். நெற்றியில் மணலைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். குழல்விளக்கின் கீழ் சாம்பலாக இருந்த படம், வாசலுக்குக் கொண்டுவந்தால் இலேசான பச்சையாகத் தெரிகிறது. பழைய படத்தில் நெற்றியிலிருந்து கன்னத்திற்கு ஒளி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த வழவழப்பு எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை காண, அச்சுப்பொறியின் சங்கடத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டே சொற்கள் தெரிந்த பொறி

சாதாரண மைவீச்சு அச்சுப்பொறிக்கு, அதாவது இங்க்ஜெட் பொறிக்கு, ஓரிடத்தில் மைத்துளியை வைக்கத் தெரியும். வைக்காமல் விடவும் தெரியும். இவ்வளவுதான். ‘கொஞ்சம் கறுப்பு’ என்பது அதற்குத் தெரியாது. கறுப்பு மையை வைத்தால் கறுப்பு. வைக்காவிட்டால் தாளின் வெண்மை. சில பொறிகள் துளியின் அளவைச் சிறிது கூட்டவும் குறைக்கவும் வல்லவை. அப்போதும் அவற்றுக்குத் தெரிந்த அளவுகள் இரண்டு மூன்றுதான்.

அப்படியானால் அச்சிட்ட படத்தில் நாம் காணும் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது? ஒரு செய்தித்தாளை எடுத்து, அதில் அச்சாகியுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சாம்பல் நிறம் மாயமாய் மறைந்துவிடும்! வெள்ளைத் தாளில் கரும்புள்ளிகள் மட்டுமே தெரியும். இருண்ட இடத்தில் புள்ளிகள் பெரியவை. வெளிச்சமான இடத்தில் சிறியவை.

நம் கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குக் கோணத்திற்கும் குறைவாக நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளை அதனால் பிரித்தறிய முடிவதில்லை. 30 செ.மீ. தொலைவில் பிடித்துப் படிக்கும் தாளில் இது ஏறத்தாழ 0.09 மி.மீ. இதைவிட நெருக்கமாகப் புள்ளிகள் இருந்தால், கறுப்பும் வெள்ளையும் கண்ணுக்குள் கலந்து சாம்பலாகிவிடும். தாளில் இல்லாத நிறத்தை நம் கண்ணே உண்டாக்கிக்கொள்கிறது.

பாட்டனாரின் பழைய படம் மட்டும் உண்மையான சாம்பலால் ஆனதா என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை! அந்தப் படத்தாளில் பூசப்பட்ட ஜெலட்டின் படலத்தில் இருப்பவை நுண்ணிய வெள்ளித் துகள்கள். அவையும் கறுப்பே. அவை சாதாரணப் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத அளவுக்குச் சிறியவை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பவை. ‘மிகச் சிறியவை’, ‘ஒழுங்கின்றிச் சிதறியவை’ என்னும் இந்த இரு பண்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இவை நமக்குத் தேவைப்படும்.

வலைத்துணியில் தொடங்கிய வித்தை

சாம்பலைப் புள்ளிகளாக உடைக்கும் எண்ணம் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. புகைப்படக் கலையின் தந்தையருள் ஒருவரான இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1852ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையில் இதற்கு ஒரு வழி சொன்னார். படத்திற்கும் அச்சுத் தகட்டிற்கும் இடையே மெல்லிய வலைத்துணியை வைப்பதே அந்த வழி. பின்னர் வலைத்துணியின் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரை பிடித்துக்கொண்டது. இந்த முறைக்கு ‘ஹாஃப்டோன்’ என்று பெயர். அச்சகங்களில் ‘ஹாஃப்டோன் பிளாக்’ என்று வழங்கியது இதையே.

இத்துறையில் நம் நாட்டவர் ஒருவருக்கும் சிறப்பான இடம் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863–1915) குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதியவர், ஓவியர், இசைஞர். தம் நூலுக்கு அவர் வரைந்த படங்கள் அச்சில் சிதைந்து வந்தது கண்டு மனம் வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை, ஹாஃப்டோன் முறையைத் தாமே கற்று ஆராயத் தொடங்கினார். திரைக்கும் தகட்டிற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், காமிராவின் துளை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டார். அவருடைய கட்டுரைகள் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளிவந்தன. 1913இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழ் அழகிய படங்களுக்குப் பெயர் பெற்றது. திரைப்பட மேதை சத்யஜித் ராய் இவருடைய பேரனே.

கண்ணாடித் திரை செய்த வேலையை இன்று கணக்கு செய்கிறது. அது எப்படி?

பால் கணக்கும் புள்ளிக் கணக்கும்

ஒரு வீட்டில் நாள்தோறும் 30 ரூபாய்க்குப் பால் வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் இருப்பவை எல்லாம் 100 ரூபாய் நோட்டுகள், சில்லறையே கிடையாது. பால்காரரிடமும் சில்லறை இல்லை. எனவே ஓர் ஏற்பாடு: பாக்கி 50 ரூபாயோ அதற்கு மேலோ ஆகும் நாளில் ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிடுவது. கூடுதலாகக் கொடுத்தது முன்பணமாக நிற்கட்டும்.

முதல் நாள் பாக்கி 30. நோட்டு இல்லை. இரண்டாம் நாள் பாக்கி 60. ஒரு நோட்டுக் கொடுக்கிறார்கள், முன்பணம் 40. மூன்றாம் நாள் முன்பணம் 10. நான்காம் நாள் பாக்கி 20. ஐந்தாம் நாள் பாக்கி 50; இரண்டாவது நோட்டு. இப்படியே எழுதிக்கொண்டு போனால், ஒன்பதாம் நாள் மூன்றாவது நோட்டு. பத்தாம் நாள் முடிவில் பாக்கியும் இல்லை; முன்பணமும் இல்லை. பத்து நாளில் மூன்று நோட்டு: 300 ரூபாய். கணக்கு நேர்!

இப்போது நாளுக்குப் பதிலாகத் தாளில் ஒரு கட்டம். நோட்டுக்குப் பதிலாக ஒரு கரும்புள்ளி என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டமும் நூற்றுக்கு 30 பங்கு கறுப்பாக இருக்க வேண்டும். பொறிக்கோ முழுக் கறுப்பு மட்டுமே வைக்கத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்படும் பிழையை அடுத்த கட்டத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனால், பத்துக் கட்டங்களில் 2, 5, 9ஆம் கட்டங்கள் கறுப்பாகும். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நூற்றுக்கு 30 பங்கு சாம்பல்!

பிழையைக் கொண்டுபோகாவிட்டால் என்ன ஆகும்? 30 என்பது 50ஐவிடக் குறைவு; ஆகவே எல்லாக் கட்டமும் வெள்ளை. கன்னத்தின் மென்மையான நிழல் முழுவதும் காணாமற் போய்விடும்.

அமெரிக்கக் கணினி அறிஞர்கள் ராபர்ட் ஃப்ளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்கும் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதுவே. ஒரு வித்தியாசம்: பிழை முழுவதையும் அவர்கள் ஒரே கட்டத்தின் தலையில் சுமத்தவில்லை. 16 பங்காக்கி, வலப்பக்கத்துக் கட்டத்திற்கு 7, நேர் கீழே 5, கீழே இடப்புறம் 3, கீழே வலப்புறம் 1 என்று பகிர்ந்தார்கள். இம்முறைக்குப் ‘பிழைப் பரவல்’ என்று பெயரிடலாம்.

கன்னத்தில் பட்டைகள் ஏன்?

புள்ளிகளைக் கணக்காக வைத்தாலும் நம் படத்தில் பட்டைகள் வந்தனவே, ஏன்? குற்றம் அச்சுப்பொறியினுடையது அன்று. அது ஸ்கேனரிலேயே தொடங்கிவிட்டது.

கணினி ஒளியின் அளவை எண்ணாக எழுதி வைக்கிறது. சாதாரணமாக ஒரு புள்ளிக்கு 8 பிட் இடம் ஒதுக்குவார்கள். அதில் 0 முதல் 255 வரை 256 படிகளை எழுதலாம். 0 முழுக் கறுப்பு. 255 முழு வெள்ளை. 256 படிகள் நம் கண்ணுக்குப் பொதுவாகப் போதும். ஆனால் பாட்டனாரின் படம் வெளிறியது. அதில் உண்மையான கறுப்பும் இல்லை. உண்மையான வெள்ளையும் இல்லை. அதன் நிறங்கள் 110இலிருந்து 170க்குள் அடங்கிவிட்டன என்று கொள்வோம். மொத்தம் 61 படிகளே. ‘பளிச்சென்று ஆக்குவது’ என்றால் இந்த 61 படிகளை 0 முதல் 255 வரை இழுத்து நீட்டுவதுதான். இரப்பர்த் துணியை இழுத்தால் நூல்களுக்கிடையே இடைவெளி விழுவதுபோல, இப்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 4 எண்களுக்கு மேல் தாவல்.

கன்னம் 3 செ.மீ. அகலம், அந்த அகலத்தில் ஸ்கேனர் கண்ட படிகள் பத்து என்றால், ஒவ்வொரு பட்டையும் 3 மி.மீ. அகலம் இருக்கும். சரிவுப் பாதையாக இருந்த இடத்தில் படிக்கட்டு முளைத்துவிட்டது.

இங்கே நம் கண்ணும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. இரண்டு சாம்பல் பட்டைகள் சந்திக்கும் விளிம்பில், இருண்ட பக்கம் இன்னும் இருண்டதாகவும், வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் தெரியும். ஆஸ்திரிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாஹ் இதை 1865இல் விளக்கினார். விழித்திரையின் ஒரு நரம்பணு ஒளியைப் பெறும்போது தன் அக்கம்பக்கத்து அணுக்களைச் சற்று அடக்கிவைக்கிறது. குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த அடக்குமுறையை ஆராய்ந்த ஹார்ட்லைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொருள்களின் விளிம்பைத் தெளிவாகக் காண இந்த ஏற்பாடு நமக்கு உதவுகிறது. ஆனால் அச்சிட்ட படத்தில், இருக்கவேகூடாத விளிம்பையும் அதுவே எடுத்துக்காட்டிக் கொடுத்துவிடுகிறது!

பரிகாரம் என்ன? ஸ்கேன் செய்யும்போதே 16 பிட் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். 16 பிட்டில் 65,536 படிகள். வெளிறிய படம் அடங்கியிருக்கும் அந்தச் சிறு இடைவெளியிலேயே கணக்குப்படி 15,000க்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் இடைவெளி தெரியாது. திருத்தங்களையெல்லாம் 16 பிட்டிலேயே செய்துவிட்டு, கடைசியில் மட்டும் 8 பிட்டுக்கு இறங்கலாம்.

வேண்டுமென்றே சேர்க்கும் இரைச்சல்

அந்தக் கடைசி இறக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஓரிடத்தின் உண்மையான அளவு 100.3 என்று வைத்துக்கொள்வோம். 8 பிட்டில் பின்னத்திற்கு இடமில்லை. 100 என்று முழுமையாக்குவோம். பக்கத்தில் 100.4, அதுவும் 100. அப்பால் 100.6; அது 101. மீண்டும் ஒரு படி!

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மாணவராக இருந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ், இதற்கு விந்தையான ஒரு மருந்தைச் சொன்னார். முழுமையாக்குவதற்கு முன் ஒவ்வொரு எண்ணோடும் குத்துமதிப்பாக ஒரு சிறு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்றார். அதாவது படத்தில் வேண்டுமென்றே இரைச்சலைக் கலக்க வேண்டும்!

இதை நீங்களே சோதிக்கலாம். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டுகளை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். அளவு 100.3, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு சீட்டு எடுங்கள். 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்று வந்தால் 101 என்று எழுதுங்கள். மற்றவை வந்தால் 100. சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மீண்டும் எடுங்கள். நூறு கட்டங்களுக்கு இப்படி எழுதிச் சராசரி பாருங்கள். ஏறத்தாழ 100.3 வரும். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் பொய். கூட்டாக எடுத்தால் உண்மை! 100.4 உள்ள இடத்தில் 101கள் சற்று அதிகமாக விழும், 100.6 உள்ள இடத்தில் இன்னும் அதிகம். பட்டை மறைந்து மீண்டும் சரிவு வந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இரைச்சலை முழுமையாக்குவதற்கு முன்னரே சேர்க்க வேண்டும். பட்டை விழுந்துவிட்ட படத்தில் பிறகு இரைச்சலைத் தூவினால் அது பட்டையை மறைக்கும். இழந்த நிறத்தை மீட்காது. விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும், கட்டும்போதே சரியாகக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இரைச்சலிலும் நல்லது கெட்டது உண்டு. விதையைக் கைபோன போக்கில் விதைத்தால் சில இடத்தில் குவியும். சில இடம் வெறுமையாகும். வரிசையாக நட்டால் கோடுகள் தெரியும். குவியலும் இன்றி, வரிசையும் இன்றி, ஒவ்வொரு நாற்றும் தன்னைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு நின்றால்? புள்ளிகள் அவ்வாறு அமையும்போது படம் மிக வழவழப்பாகத் தெரியும் என்று 1988இல் ராபர்ட் யூலிக்னி விளக்கினார். அவர் இதற்கு ‘நீல இரைச்சல்’ என்று பெயர் வைத்தார். வியப்பு என்னவென்றால், இயற்கை இதை முன்பே அறிந்து வைத்திருக்கிறது. ரீசஸ் குரங்கின் விழித்திரையில், மையப்பகுதிக்கு வெளியே ஒளியை உணரும் கூம்பணுக்கள் இவ்வாறே ஒழுங்கின்றியும் குவியாமலும் பரவியிருப்பதை ஜான் யெல்லட் 1983இல் காட்டினார்.

மணல் தூவிய நெற்றி

அடுத்து நெற்றியைக் கவனிப்போம். அங்கே ஏன் புள்ளிகள் தெரிந்தன?

நல்ல அச்சுப்பொறியின் சிறுதுளி ஒன்று 4 பைகோ லிட்டர் இருக்கலாம். ஒரு பைகோ லிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! அத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மி.மீ. தாளில் விழுந்ததும் அது சற்றே பரவும். கண்ணுக்குத் தெரியாத சிறுமைதான். ஆனால் நெற்றியைப் போன்ற வெளிச்சமான பகுதியில் புள்ளிகள் மிக அரிதாக விழுகின்றன. வெள்ளைத் தாளில் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்று நிற்கும் கரும்புள்ளிகளைக் கண் ஒருவாறு உணர்ந்துவிடுகிறது. கூட்டத்தில் தெரியாத ஆள் மைதானத்தில் தனியே நின்றால் தெரிவதுபோல!

இதற்கு வழி மையை வெளிறச் செய்வது. நூற்றுக்கு 10 பங்கு சாம்பல் வேண்டுமானால், கறுப்பு மையில் பத்துக் கட்டத்திற்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். கறுப்பில் ஐந்தில் ஒரு பங்கே அடர்த்தி உள்ள சாம்பல் மை இருந்தால், இரண்டு கட்டத்திற்கு ஒரு புள்ளி வைக்கலாம். புள்ளிகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் மங்கலாகவும் இருக்கிறது. கண்ணால் பிரிக்கவே முடியாது. அதனால்தான் படங்களுக்கென்றே செய்யப்படும் அச்சுப்பொறிகளில் கறுப்போடு இளஞ்சாம்பல் மைகளையும் வைக்கிறார்கள். எப்சன் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என்று மூன்று அடர்த்தியுள்ள மைகளைக் கொண்ட பொறிகளை வெளியிட்டது.

சாம்பல் மை இல்லாத பொறி என்ன செய்யும்? நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கப் பார்க்கும். குழல்விளக்கின் ஒளியில் இருக்கும் நிறங்களின் விகிதம் வேறு. சூரிய ஒளியில் இருப்பது வேறு. ஆகவே ஒன்றின் கீழ் சாம்பலாகத் தோன்றும் கலவை, மற்றதன் கீழ் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். நம் படம் வாசலில் பச்சையானதன் மர்மம் இதுவே. சாம்பல் மைகளே பெரும்பங்கு வேலையைச் செய்யும்போது இந்தச் சாயல் வெகுவாகக் குறைந்துவிடும்.

தாளின் குணம்

தாளும் நம்மை ஏமாற்றக்கூடும். மை தாளில் விழுந்ததும் நாரில் ஊறிப் பரவும். பாதி இடத்தை மூட வேண்டிய புள்ளிகள் பரவி, பாதிக்கும் மேற்பட்ட இடத்தை மூடிவிடும். நடுத்தர நிழல்களெல்லாம் இருண்டுபோகும். எவ்வளவு பரவும் என்பது தாளுக்குத் தாள் மாறும்.

இதைச் சரிக்கட்ட அனுபவசாலிகள் ஒரு படிவரிசையை அச்சிடுவார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 கட்டங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கருவியால் அளப்பார்கள். ஐம்பது கேட்டு எழுபது வந்தால், அடுத்த முறை ஐம்பது வேண்டிய இடத்தில் குறைத்துக் கேட்குமாறு கணினிக்கு ஓர் அட்டவணை எழுதிக் கொடுப்பார்கள். கருவி இல்லாதவர்களும் அச்சிடும்போது, தாளின் வகையைப் பொறிக்குச் சரியாகத் தெரிவித்தால் பாதிப் பிழை குறையும். பளபளப்புத் தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று சொல்வது, வைத்தியரிடம் பொய் சொல்வதற்குச் சமம்.

மீண்டும் ஒரு முறை

இப்போது பாட்டனாரின் படத்தை மறுபடி எடுப்போமா? 16 பிட்டில் ஸ்கேன் செய்கிறோம். 16 பிட்டிலேயே பளிச்சிட வைக்கிறோம். 8 பிட்டுக்கு இறக்கும்போது மிகச் சிறிய இரைச்சல் சேரும் வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். சாம்பல் மைகள் உள்ள பொறியில், அதற்கேற்ற தாளில், தாளின் வகையைச் சரியாகச் சொல்லி அச்சிடுகிறோம். மை உலர ஒருநாள் விட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். நெற்றியிலிருந்து கன்னத்திற்கு ஒளி மீண்டும் வழுக்கி இறங்குகிறது.

இவ்வளவு பாடுபட்டு நாம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் தெரியுமா? கண்ணுக்கு எட்டாத சிறிய துகள்கள். ஒழுங்கின்றிச் சிதறிய துகள்கள். பழைய படத்தின் ஜெலட்டின் படலத்தில் வெள்ளி தானாகவே செய்துவைத்த வேலையைத்தான் கணக்குப் போட்டுத் திரும்பச் செய்திருக்கிறோம். சிறுபிழையை ஓரிடத்தில் குவியவிட்டால் அது பட்டையாகிக் கண்ணை உறுத்துகிறது. அதையே எங்கும் சமமாகப் பகிர்ந்துவிட்டால் வழவழப்பாகிவிடுகிறது.

செய்து பாருங்கள்: கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இருபது கட்டம் நீளம், பத்துக் கட்டம் உயரம் உள்ள ஒரு செவ்வகம் வரையுங்கள். இடக்கோடியில் 5, அடுத்து 10 என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஐந்தைந்தாகக் கூட்டி, வலக்கோடியில் 100 வரை அளவு கொடுங்கள். பால் கணக்கு முறையில் ஒவ்வொரு குறுக்கு வரிசையாகப் பிழையைக் கொண்டுசென்று, கறுக்க வேண்டிய கட்டங்களைப் பென்சிலால் நிரப்புங்கள். ஒரு வரிசையின் கடைசி மீதியை அடுத்த வரிசையின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, பத்தடி தள்ளி நின்று கண்களைச் சுருக்கிப் பாருங்கள். நீங்கள் தீட்டாத சாம்பல் நிறம் இடமிருந்து வலமாக மெல்ல இருண்டுகொண்டே போகும்.